முப்பது நத்தை, இருபது நண்டு, ஒரு நான்!

ஒரு சின்னக் கேள்வி. உங்க ஹாஸ்டல் ரூமைக் கடைசியா யார் பெருக்கினது? எப்போ? சரி சரி, பதில் சொல்ல வேணாம். நானும் ஹாஸ்டல்ல இருந்தவன்தான்!

2007-ல் மயாமியில் எம்.எஸ். படிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பெட்ரூம் வீட்டுல நாலு பசங்க. சிங்க்ல போன வாரத்து ரசப் பாத்திரம், சோபா மேல துவைச்சதும் துவைக்காததுமா கலந்துகட்டி துணிமலை... நிலைமை உங்களுக்கே புரியும். ஆனா, அந்த வீட்டுலயும் ஒரே ஒரு இடம் மட்டும் பளிச்சுனு இருந்துச்சு. ஹாலோட மூலையில இருந்த கடல்நீர் மீன் தொட்டி. அதைச் சுத்தம் பண்ண மொத்தம் ஐம்பது பேர். முப்பது நத்தை, இருபது நண்டு. லீவு கேட்க மாட்டாங்க, சம்பளம் கேட்க மாட்டாங்க, ராத்திரி ஷிஃப்ட்டும் பார்ப்பாங்க.

அந்த ஐம்பது பேரையும் நான்தான் கொன்னேன். ஒரே நாள்ல இல்ல, மூணு தவணையில. அந்தக் கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

முதல்ல, தொட்டி எப்படி என் தலையில வந்து விழுந்துச்சுன்னு சொல்லிடறேன். கோர்ஸ் முடிச்சு, வேலை கிடைச்சு வேற ஊருக்குக் கிளம்பின சீனியர், கட்டில், மேசை, குக்கர் எல்லாத்தையும் ஜூனியருங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தார். எல்லாரும் உஷாரா நல்லதை எல்லாம் அள்ளிட்டாங்க. லேட்டா போனது நான். "டேய், உனக்கு இதுதான்டா. உயிரா வளர்த்தேன், பார்த்துக்கோ"ன்னு கை காட்டினார். 30 காலன் தொட்டி. நம்ம கணக்குல 110 லிட்டர் சொச்சம். உள்ள கொஞ்சம் பாறை, பாறை மேல பட்டன் பட்டனா, காளான் காளானா மென்மையான பவள உயிரிங்க, ரெண்டு க்ளவுன் மீன். 'ஃபைண்டிங் நீமோ' படம் பார்த்திருப்பீங்களே, அதே ஆரஞ்சு, வெள்ளைப் பட்டை பார்ட்டிதான். இதுக்குப் பேரு ரீஃப் டேங்க். சாதா மீன் தொட்டி இல்ல, ஒரு துண்டு பவளப்பாறையை வீட்டுக்குள்ள உயிரோட வெச்சுக்கிற முயற்சி.

சீனியர் ஒரு பேப்பர்ல 'ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை சாப்பாடு' அப்படின்னு எழுதி ஒட்டிட்டுப் போனார். ஆனா அந்த நீமோ பய இருக்கானே... நான் பக்கத்துல போனாலே கண்ணாடிக்கு வந்து வாலாட்டுவான். பாவமா இருக்கும். நம்ம ஊர் மனசு இல்லையா? வந்தவங்களைச் சாப்பிட வைக்காம அனுப்புவோமா? காலையில ஒண்ணு, காலேஜ் போயிட்டு வந்து ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஆவியாகிற தண்ணிக்குப் பதிலா நேரா குழாய்த் தண்ணியை ஊத்துவேன். ரெண்டே மாசம். மணல்ல பழுப்பா ஒரு தூசி படிஞ்சுது. அப்புறம் பாறை மேல பச்சையா, நீளமா, தலைமுடி மாதிரி பாசி. ஆகஸ்ட்ல பார்த்தா, தொட்டிக்கு சீயக்காய் தேய்ச்சுக் குளிப்பாட்டணும்ங்கிற அளவுக்கு முடி! பவளங்க அதுக்குள்ள மூச்சு முட்டிச் சுருங்கிக் கிடக்குது.

பயந்துபோய் ஒரு மீன் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் அசரவே இல்ல. "காலனுக்கு ஒரு நத்தை, ஒரு நண்டு. அவங்க பார்த்துப்பாங்க"ன்னுட்டார். 'க்ளீன் அப் க்ரூ'ன்னு அதுக்கு ஒரு பேரு. சுத்தம் பண்ற படை! பேரைக் கேட்டதும் ஃப்ளாட். முப்பது 'ஆஸ்ட்ரியா' நத்தை, கோபுரம் மாதிரி கூம்பா ஓடு இருக்கும். இருபது நீலக்கால் ஹெர்மிட் நண்டு, அதாவது துறவி நண்டு. நம்ம ஊர் பீச்சுல சங்கைத் தூக்கிட்டு ஓடுமே, அந்த ஜாதி. பாலிதீன் பையில தண்ணி ஊத்திக் கொடுத்தாங்க.

வீட்டுக்கு வந்து, பையைப் பிரிச்சு, கல்யாண வீட்டுல அட்சதை போடற மாதிரி மொத்தமா தொட்டிக்குள்ள கொட்டினேன். இதுதான் முதல் தவணை.

ஏன்னு சொல்றேன். மீனோட உடம்பு, வெளியில இருக்கிற உப்பு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் சமாளிச்சுக்கும். உள்ளே ரத்தத்துல உப்பை ஒரு அளவுல வெச்சுக்க அதுக்கு ஏற்பாடு உண்டு. கடல் நத்தைக்கும் நண்டுக்கும் அந்த சாமர்த்தியம் ரொம்பக் கம்மி. வெளியில தண்ணி எவ்வளவு உப்போ, பெரும்பாலும் உள்ளேயும் அவ்வளவு உப்பு. கடைத் தண்ணிக்கும் என் தண்ணிக்கும் இருந்த வித்தியாசம், அதுங்களுக்கு ஒரு செகண்ட்ல உடம்புக்குள்ள விழுந்த அடி. மெல்லிசான ட்யூபுல ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் பையில விழ விட்டு, பழக்கப்படுத்தி விடணும். ஒரு அடி ட்யூபும் கொஞ்சம் பொறுமையும் போதும். என்கிட்ட ட்யூப் இருந்துச்சு!

எட்டு நத்தை நகரவே இல்ல. தூங்குதுன்னு நினைச்சேன். மூணாவது நாள் ஒண்ணைக் கையில எடுத்து மோந்து பார்த்தேன். ஐயோ பாஸ்... செத்த கடல் நத்தையோட நாத்தத்தை எழுத்துல சொல்ல முடியாது. இன்னிக்கும் நத்தை செத்துச்சா உயிரோட இருக்கான்னு சந்தேகம் வந்தா, வளர்க்கிறவங்க பண்ற டெஸ்ட் அதுதான். மூக்கு! அப்படியே விட்டா அழுகி, தண்ணியில அமோனியா ஏறி, மத்ததையும் கூட்டிட்டுப் போயிடும்.

மிச்சம் இருபத்திரெண்டு நத்தையும் வேலையை ஆரம்பிச்சுது. அடடா, அந்த அழகை நீங்க பார்க்கணும்! ராத்திரி லைட்டை அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தா, கண்ணாடியில ஒட்டிக்கிட்டிருக்கிற நத்தையோட வாய் நமக்கு நேரா தெரியும். குட்டி வாய் திறக்கும், மூடும். உள்ளே 'ராடுலா'ன்னு ஒரு நாக்கு, அதுல வரிசை வரிசையா நுண்ணிய பல்லு. அரம் வெச்சு ராவுற மாதிரி பாசியை ராவிக்கிட்டே போகும். போன தடம் கண்ணாடியில வளைஞ்சு வளைஞ்சு தெரியும், யாரோ தூக்கக் கலக்கத்துல கோலம் போட்ட மாதிரி.

வாராவாரம் போன் கார்டு போட்டுப் பேசும்போது அம்மாகிட்ட பெருமையா சொன்னேன். "அய்யய்யோ, ரூமுக்குள்ள நத்தையா? ஒரு கை உப்பை அள்ளிப் போடுடா, ஓடிடும்"னாங்க. "அம்மா, அது உப்புத் தண்ணியிலதாம்மா இருக்கு!" ரெண்டு நிமிஷம் அமைதி. "வேளாவேளைக்குச் சாப்பிடறியா?"ன்னு பேச்சை மாத்திட்டாங்க.

ஆஸ்ட்ரியா நத்தைக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. பாறையிலயிருந்து வழுக்கி மணல்ல மல்லாக்க விழுந்துட்டா, அதால தானா புரண்டு எழ முடியாது. ஓட்டோட வடிவம் அப்படி. கடல்ல கரடுமுரடான பாறை, பிடிக்க ஏதாவது கிடைக்கும். என் தொட்டியில சமதளமான மணல். விழுந்தா, யாராவது தூக்கி விடணும். இல்லைன்னா நண்டு வந்துடும். அதனால ராத்திரி ரெண்டு மணிக்கு அசைன்மென்ட்டுக்கு நடுவுல எழுந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, விழுந்தவங்களை எல்லாம் நிமிர்த்தி வெச்சுட்டு வருவேன். ரூம்மேட் எனக்கு 'நைட் ட்யூட்டி நர்ஸ்'னு பேர் வெச்சுட்டான். சம்பளமில்லாத வேலைக்காரங்கன்னு சொன்னேன் இல்ல? மெள்ள மெள்ள யார் யாருக்கு வேலை பார்க்கிறோம்னே சந்தேகம் வந்துடுச்சு.

நண்டு கதை தனி. ஹெர்மிட் நண்டுக்கு முன்பக்கம்தான் கவசம். பின்பக்கம் வயிறு மெத்து மெத்துனு, ஓடே இல்லாம, ஒரு பக்கமா சுருண்டு இருக்கும். அதை மறைக்க, செத்துப்போன நத்தையோட ஓட்டுக்குள்ள குடியிருக்கும். உள்ளே ஓட்டோட நடுத்தண்டை வால் கொக்கியால பிடிச்சுக்கும். சரி, நண்டு வளருது. ஓடு வளருமா? வளராது. அப்போ என்ன பண்ணும்? வீடு மாறும். மாத்துறதுக்குக் காலி வீடு இல்லைன்னா?

நடு ராத்திரி டார்ச் வெளிச்சத்துல பார்த்தேன். ஒரு நீலக்கால் நண்டு, உயிரோட இருந்த நத்தையைப் புரட்டிப் போட்டு, சாவகாசமா பிய்ச்சுத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. காலையில அந்தக் கோபுர ஓட்டுக்குள்ள புது ஆளா உட்கார்ந்திருக்கு. என்ன திமிரு! ஆனா யோசிச்சுப் பார்த்தா, தப்பு யாரோடது? இருபது பேரை வாடகைக்குக் கூட்டிட்டு வந்து, வீடே இல்லாம விட்டது நான்தானே? அடுத்த நாளே கைவினைப் பொருள் விக்கிற கடையில, பெயின்ட் அடிக்காத ஓடா பொறுக்கி ஒரு பை வாங்கிட்டு வந்து, கொதிக்க வெச்சு, மணல்ல போட்டேன். அன்னிக்கு சாயங்காலம் நடந்ததுதான் செம காமெடி. பெரிய நண்டு புது ஓட்டுக்கு மாறிச்சு. அது விட்ட ஓட்டுல அடுத்த சைஸ் ஏறிச்சு. அதோட ஓட்டுல அதுக்கும் சின்னது. நியூயார்க் பக்கம் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துல ஐவன் சேஸ்னு ஒரு சமூகவியலாளர், 1980-கள்ல இதையே ஆராய்ச்சி பண்ணியிருக்கார். மனுஷங்க வீடு மாறுறதும், வேலை காலியாகி அடுத்தவன் மேல போறதும், ஹெர்மிட் நண்டு ஓடு மாத்துறதும் ஒரே மாதிரி சங்கிலின்னு. எங்க வீட்டுல சீனியர் காலி பண்ணி நாங்க கட்டில் பிடிச்ச கதையும் அதேதானே! கடைசியா போன நண்டுக்கு எது மிஞ்சியிருக்கும்னு எனக்குத் தெரியும்.

இன்னொரு நாள் ஒரு நண்டு ஓட்டுக்கு வெளியில, கால் எல்லாம் விரிச்சுக்கிட்டு, கண்ணாடி மாதிரி வெளுத்துப் போய்க் கிடந்துச்சு. போச்சுன்னு எடுத்து டிஷ்யூ பேப்பர்ல சுத்தி, ரூம்மேட் சீரியஸா ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலியே செலுத்திட்டான். திரும்பிப் பார்த்தா, 'செத்த' ஆள் பளபளன்னு பாறை மேல நடந்து போயிட்டிருக்கு! நாங்க அஞ்சலி செலுத்தினது அது உரிச்சுப் போட்ட தோலுக்கு!

அக்டோபர்ல தொட்டி ஜம்முனு ஆயிடுச்சு. கண்ணாடியில பொட்டுப் பாசி இல்ல. பவளங்க விரிஞ்சுது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

அப்புறம்தான் நத்தை ஒண்ணு ஒண்ணா விழ ஆரம்பிச்சுது. தூக்கி நிமிர்த்தி வெச்சா, மறுபடி விழுது. பாறையில ஒட்டவே தெம்பு இல்ல. தண்ணியை டெஸ்ட் பண்ணினா எல்லாம் சரியா இருக்கு. நவம்பர் கடைசியில அட்டெண்டன்ஸ் எடுத்தா நத்தை பதினொண்ணு, நண்டு பதினாலு. ஒண்ணும் புரியாம, ஊர்ல ரொம்ப வருஷமா ரீஃப் டேங்க் வெச்சிருந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார்கிட்ட போய் நின்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தொட்டி சுத்தமா இருக்குன்னு சொல்றியே, அப்போ அதுங்க என்ன சாப்பிடுது?"

எனக்குப் பேச்சே வரல.

பட்டினி! பளிச்சுனு இருந்த அந்தத் தொட்டி, நத்தைக்குப் பாலைவனம். நான் அதுங்களை துடைப்பம்னு நினைச்சுட்டேன். துடைப்பத்துக்குப் பசிக்குமா? இதுங்களுக்குப் பசிச்சுது. இதுதான் ரெண்டாவது தவணை. 'காலனுக்கு ஒண்ணு'ங்கிற கணக்கு, பாசி மண்டிக் கிடக்கிற அன்னிக்கு மட்டும் சரியா தெரியற கணக்கு. மூணு மாசம் கழிச்சு அந்த வாய்க்கெல்லாம் யார் சோறு போடறது?

வாத்தியார் இன்னொண்ணும் சொன்னார். இதை மட்டும் கொஞ்சம் கவனமா படிங்க, ஏன்னா நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. நத்தை பாசியைச் சாப்பிட்டா அழுக்கு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. சாப்பிட்டது கழிவா அதே தண்ணிக்குள்ளதான் வருது. நான் மூணு வேளை கொட்டின மீன் சாப்பாடு, அதுல இருந்து வந்த நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் தொட்டியை விட்டு வெளியே போகவே இல்ல. பாசியிலயிருந்து நத்தை, நத்தையிலயிருந்து தண்ணி, தண்ணியிலயிருந்து மறுபடி பாசி. ரூமைப் பெருக்கி குப்பையைக் கட்டிலுக்கு அடியில தள்ளுவோமே, அதே டெக்னிக்! வெளியில போகணும்னா நாமதான் தண்ணியை மாத்தணும், பாசியைக் கையால பிடுங்கி வெளியே போடணும், ஸ்கிம்மர் வெச்சு நுரையில கழிவை எடுக்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி, சாப்பாட்டைக் குறைக்கணும். நத்தை கடைசி ஆள். நான் அதை முதல் ஆளாக்கிட்டேன்.

ஓகே, திருந்திட்டேன். நீமோவுக்கு ஒரு வேளை சாப்பாடு. நத்தைக்கு, சூஷி சுத்துற காய்ஞ்ச கடல்பாசித் தாளை மசாலா இல்லாததா வாங்கி, கல்லுல ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி விட்டேன். பதினொண்ணும் சுத்தி உட்கார்ந்து பந்தியில சாப்பிடற மாதிரி சாப்பிட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, சத்தியமா.

டிசம்பர். எக்ஸாம் நேரம். நீமோ உடம்புல உப்புத்தூள் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. கடல் மீனுக்கு வர்ற ஒட்டுண்ணி நோய். கையில பேப்பர், மண்டையில டென்ஷன். வேற கடைக்குப் போய், மீனோட நோயை மட்டும் சொல்லி, மருந்து வாங்கினேன். ராத்திரி பதினொண்ணரைக்கு மூடியில அளந்து தொட்டியில ஊத்திட்டு, படிக்க உட்கார்ந்துட்டேன்.

அது செம்பு கலந்த மருந்து. மீன் மேல இருக்கிற ஒட்டுண்ணியைக் கொல்லும். கூடவே முதுகெலும்பு இல்லாத எதையும் கொல்லும். பாட்டில்லயே எழுதியிருந்துச்சு. சின்ன எழுத்துல கூட இல்ல, நல்லா பெரிய எழுத்துலதான். நான்தான் படிக்கல.

காலையில எழுந்து பார்த்தேன். பதினொரு நத்தையும் மணல்ல கிடந்துச்சு. நண்டுங்க... சாகப் போற ஹெர்மிட் நண்டு சில சமயம் ஓட்டை விட்டு வெளியே வந்துடும். அந்த மெத்து வயிறை வாழ்க்கை முழுக்க யாருக்கும் காட்டாம மறைச்சு வெச்சிருந்ததுங்க, வீட்டை விட்டு வெளியே வந்து, திறந்த மணல்ல கிடந்துச்சு. பக்கத்துலயே நான் வாங்கிப் போட்ட ஓடெல்லாம் காலியா இருந்துச்சு. பவளங்க ரெண்டு நாள்ல கரைஞ்சுது. ஒரு நீமோ பிழைச்சுது.

இதுல ஒரு கொடுமையான விஷயம் அப்புறம்தான் படிச்சேன். நம்ம ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிறது இரும்பு இருக்கிற ஹீமோகுளோபின். இந்த நத்தை, நண்டு ரத்தத்துல அதே வேலையைச் செய்யறது ஹீமோசயனின். அதுல இருக்கிறது செம்பு. அதனால ரத்தம் லேசா நீலம். செம்பு இல்லாம அதுங்களால மூச்சு விட முடியாது. அதே செம்பு தண்ணியில கொஞ்சம் கூடினா உயிரோட இருக்க முடியாது. செம்பு பாறைக்குள்ளயும் மணலுக்குள்ளயும் ஏறிடும்ங்கறதால எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். நீமோவை வாத்தியார் எடுத்துக்கிட்டார். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வெச்சுட்டேன். அது மேல ரூம்மேட் துணி காயப் போட ஆரம்பிச்சான்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 'ஐம்பது உயிர், சின்ன வயசுல பண்ணின தப்பு'ன்னு விட்டிருப்பேன். ஆனா 2009-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்துச்சு. ஆண்ட்ரூ ரைனும் அவரோட சகாக்களும் 'ப்ளோஸ் ஒன்' இதழ்ல எழுதினது. ஃப்ளோரிடா கடல்ல மீன் தொட்டிக்காகப் பிடிக்கிற முதுகெலும்பில்லாத உயிரிங்களோட கணக்கு, 1994-லிருந்து 2007 வரைக்கும். கடைசி வருஷம், அதாவது 2007-ல் மட்டும், 90 லட்சம் உயிர். அதுல 60 லட்சம் பாசி மேயறதுங்க. அழகுக்காக இல்ல, சுத்தம் பண்றதுக்காக! நத்தை, நீலக்கால் நண்டு... அதே ஃப்ளோரிடா, அதே வருஷம். கடைக்காரர் எங்கேயிருந்து வாங்கினார்னு நான் கேட்டதே இல்ல. அந்த 60 லட்சத்துல ஐம்பது என் கணக்குன்னுதான் அன்னிக்கும் தோணுச்சு, இன்னிக்கும் தோணுது.

கடல்ல மேயற ஆளுங்க இல்லைன்னா என்ன ஆகும்? கரீபியன் கடல்ல அது நடந்தே இருக்கு. நீள நீளமா கறுப்பு முள்ளோட, பந்து மாதிரி இருக்கும் 'டயடிமா' கடல் முள்ளெலி. 1983-ல் பனாமா பக்கம் ஒரு நோய் ஆரம்பிச்சு, ஒரு வருஷத்துக்குள்ள கரீபியன் முழுக்க அதுல நூத்துக்குத் தொண்ணூறுக்கும் மேல செத்துப்போச்சு. ஜமைக்காவுல பாசி மேயற மீனை எல்லாம் ஏற்கெனவே மனுஷன் பிடிச்சுத் தின்னாச்சு, 1980-ல் ஆலன் புயல் வேற பவளத்தை நொறுக்கிட்டுப் போயிருந்துச்சு. முள்ளெலியும் போனதும், பாசிக்கு யார் தடை? 1970-கள் கடைசியில பாறைப் பரப்புல பாதிக்கு மேல உயிருள்ள பவளமா இருந்தது, 1990-கள் ஆரம்பத்துல நூத்துக்கு மூணு அளவுக்கு வந்துடுச்சுன்னு டெரி ஹ்யூஸ் 1994-ல் 'சயின்ஸ்' இதழ்ல எழுதினார். என் தொட்டியில ரெண்டு மாசத்துல நடந்தது, அங்கே ஒரு தீவைச் சுத்தி நடந்திருக்கு. என்ன, அங்கே போய் வாங்கிட்டு வர ஒரு கடை கிடையாது.

2022-ல் அதே முள்ளெலிக்கு மறுபடி ஒரு நோய் வந்துச்சு. 2023 கோடை வெப்பத்துல ஃப்ளோரிடா கீஸ் பவளங்க கொத்துக்கொத்தா செத்துச்சு. மோட் ஆய்வுக்கூடம் மாதிரி இடங்கள்ல, பாசி தின்கிற பெரிய கரீபியன் நண்டைத் தொட்டியில வளர்த்துக் கடல் பாறையில விடற வேலை நடக்குது. அதைப் படிச்சப்போ சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. நாங்க கடல்லயிருந்து தொட்டிக்குக் கொண்டு வந்தோம். இப்போ தொட்டியிலயிருந்து கடலுக்கு!

நடுவுல ஒரு அவசர விஷயம். இதைப் படிச்சுட்டு யாராவது ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் டூர் போகும்போது 'நாமளும் ஒரு ரீஃப் டேங்க் வைப்போமே'ன்னு கல்லைப் பொறுக்கிடாதீங்க. மன்னார் வளைகுடாவுல 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. 2001-லிருந்து கடினப் பவளங்க எல்லாம் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை. அதாவது புலி இருக்கிற அதே லிஸ்ட். பீச்சுல துறவி நண்டைப் பார்த்தா உட்கார்ந்து ரசிங்க. காலியா கிடக்கிற ஓட்டைக்கூட எடுத்துட்டு வராதீங்க. அது யாரோட அடுத்த வீடோ!

நான் மறுபடி தொட்டி வெச்சது 2011-ல். ஃப்ளோரிடாவுலயே வேலை, கொஞ்சம் பொறுமையும் வந்திருந்துச்சு. அதே சீனியரோட 30 காலன் இல்ல, புதுசு. செம்பு பட்ட கண்ணாடியை நம்ப மனசு வரல. பாறையை வாத்தியார் தன் தொட்டியிலயிருந்து கொடுத்தார். மீன் சாப்பாடு ஒரு சிட்டிகை. சுத்திகரிச்ச தண்ணி மட்டும். வாரம் ஒரு தடவை நானே ஸ்க்ரேப்பர் எடுத்துக் கண்ணாடியைத் துடைப்பேன், தண்ணி மாத்துவேன். ஆறு மாசம் ஒரு நத்தை கூட வாங்கல. அப்புறம் வாங்கினதும் நாலே நாலு 'ட்ரோக்கஸ்'. இது மல்லாக்க விழுந்தா தானா புரண்டு எழுந்துக்கும். நைட் ட்யூட்டி நர்ஸுக்கு ரிட்டயர்மென்ட்! ரெண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டா தண்ணி விட்டுத்தான் இறக்கினேன். அந்த ரெண்டு மணி நேரமும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்.

ஹெர்மிட் நண்டு வாங்கல. வாங்கவும் போறதில்ல. பிடிக்காம இல்ல. அந்த டிசம்பர் காலையை இன்னொரு தடவை பார்க்கத் தெம்பு இல்ல, அவ்வளவுதான்.

போன மாசம் ராத்திரி சும்மா டார்ச் அடிச்சுப் பார்த்தேன். பாறைக்கு அடியிலயிருந்து விரல் நகம் அளவுக்குத் தட்டையா ஓடு, ஓட்டுக்கு வெளியே வழியற உடம்பு, நத்தைன்னு நம்பவே முடியாத வேகத்துல ஒண்ணு ஓடிச்சு. ஸ்டோமடெல்லா! பாறையோட ஒட்டிக்கிட்டு டிக்கெட் எடுக்காம வர்ற ரகம். பிடிச்சா பல்லி வாலை விடற மாதிரி காலோட ஒரு துண்டை விட்டுட்டுத் தப்பிச்சிடும். அது பின்னாடியே எள்ளு அளவுல ஏழெட்டு. தொட்டிக்குள்ளேயே பிறந்ததுங்க. இடது பக்கக் கண்ணாடியில மெல்லிசா ஒரு பச்சைப் படலம், அதுலதான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சுங்க.

ஞாயித்துக்கிழமை ஸ்க்ரேப்பரை எடுத்தேன். முன்பக்கம் துடைச்சேன், வலது பக்கம் துடைச்சேன். இடது பக்கத்தை அப்படியே விட்டுட்டேன். வீட்டுக்கு வர்றவங்க "என்ன, ஒரு பக்கம் மட்டும் அழுக்கா இருக்கு?"ன்னு கேட்கிறாங்க. கேட்கட்டும்.